பொது அலையும் வீட்டுக் கணினியும்: வைபைப் பட்டைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மடிக்கணினியைத் திறந்து வீட்டின் வைபை இணைப்பைத் தேடும் ஒருவர் பெரும்பாலும் இரண்டு பெயர்களைக் காண்கின்றார். ஒரே ரவுட்டரிலிருந்து வரும் அவ்விரண்டில் ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையிலும் மற்றையது 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையிலும் இயங்குகின்றது. அண்மைக் காலக் கருவிகளிற் சில 6 கிகாஹேர்ட்ஸ் என்னும் மூன்றாவது பட்டையையும் காட்டுகின்றன. இவற்றுள் எதனைத் தெரிந்தால் கணினி விரைந்து இயங்கும் என்பது இன்று பல வீடுகளில் எழும் வினாவாகும். அருகில் இருப்பவர் 5ஐயும் தொலைவில் இருப்பவர் 2.4ஐயும் தெரிக என்பது பொறியியலாளர் வழக்கமாகத் தரும் விடை.

இவ்விடை சரியானதே. ஆயினும் ஒரு பட்டை ஏன் நெருக்கடியில் திணறுகின்றது, மற்றொன்று ஏன் விசாலமாயிருக்கின்றது, மூன்றாவது ஏன் சில நாடுகளில் முழுமையாகவும் வேறு சிலவற்றில் அரைகுறையாகவும் கிடைக்கின்றது என்னும் வினாக்களுக்கு இயற்கை விதிகளில் மட்டும் விடை காண்பது இயலாது. 1947 தொடக்கம் 2023 வரை சர்வதேச மகாநாடுகளும் அரசாங்க ஆணைக்குழுக்களும் மேற்கொண்ட தீர்மானங்களே இப்பட்டைகளின் எல்லைகளை வகுத்தன. அத்தீர்மானங்களின் வரலாற்றை நோக்கி, அதன் ஒளியில் வீட்டுத் தெரிவை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அனுமதியின் காலம்

மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்பதை ஜேர்மனிய விஞ்ஞானி ஹைன்றிக் ஹேர்ட்ஸ் 1880களின் பிற்பகுதியில் பரிசோதனை வாயிலாக நிறுவினார். மீடிறனின் அலகு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கம்பியில்லாத் தந்தி கப்பல்களிற் பொருத்தப்பட்டது. ஒருவர் அனுப்பும் அலை மற்றொருவர் அலையைக் குழப்பும் என்ற உண்மையும் உடனேயே வெளிப்பட்டது. 1906இல் பேர்லினில் கூடிய சர்வதேச மகாநாடு இதற்கு முதல் விதிகளை வகுத்தது. 1912இல் டைற்றானிக் கப்பல் மூழ்கியதை அடுத்து, அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா வானொலிச் சட்டமொன்றை நிறைவேற்றி, அலைபரப்புவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என விதித்தது.

இவ்வாறு உருவாகிய முறையின் அடிப்படை எளிதானது. மீடிறன்கள் காணித்துண்டுகளைப் போல எல்லையிடப்பட்டன. ஒவ்வொரு துண்டும் கப்பற்றுறை, படைத்துறை, வானொலி நிலையம், தொலைபேசிக் கம்பனி என உரியவருக்கு வழங்கப்பட்டது. அனுமதியற்றவர் உள்நுழைதல் குற்றமாயிற்று. குழப்பத்தைத் தடுப்பதற்கு இம்முறை பெரிதும் உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. அதேவேளை, சாதாரண மனிதன் வானொலியைக் கேட்கலாமேயன்றித் தன் விருப்பப்படி அலையை அனுப்ப இயலாது என்ற நிலையையும் அது உறுதிப்படுத்தியது. வைபையின் வரலாறு இந்நிலையில் ஏற்பட்ட ஒரு விதிவிலக்கின் வரலாறாகும்.

புறம்போக்கு நிலம்

அவ்விதிவிலக்கின் தோற்றுவாய் செய்தித் தொடர்புடன் சம்பந்தமற்ற ஓரிடத்தில் உள்ளது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது றேடாருக்கெனப் பெருமளவில் உற்பத்தியான மக்னெற்றோன் என்னும் குழாய் வலிமையான நுண்ணலைகளை உண்டாக்கவல்லது. றேதியோன் கம்பனியில் பணியாற்றிய பேர்சி ஸ்பென்சர் இவ்வலைகள் உணவைச் சூடாக்குவதைக் கண்டு, 1945இல் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நுண்ணலை அடுப்பின் தொடக்கம் இதுவே. தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் அலையைக் கொண்டு பொருள்களையும் உடலையும் சூடாக்கும் வேறு கருவிகளும் பெருகின. இவை எவருக்கும் செய்தி அனுப்பாதவை எனினும், இவற்றிலிருந்து கசியும் அலை அயலிலுள்ள வானொலிச் சேவைகளைக் குழப்பியது.

1947இல் அமெரிக்காவின் அற்லாண்டிக் நகரில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் மகாநாடு இதற்கு ஒரு வழி கண்டது. கைத்தொழில், விஞ்ஞான, மருத்துவக் கருவிகளுக்கெனச் சில பட்டைகள் ஒதுக்கப்பட்டன. 2450 மெகாஹேர்ட்ஸை நடுவாகக் கொண்ட பட்டை அவற்றுள் ஒன்றாகும். அங்கு இயங்கும் எந்த வானொலிச் சேவையும் இக்கருவிகளால் விளையும் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

நீர் மூலக்கூறு ஒத்ததிர்வது இம்மீடிறனிலேயே, ஆதலால் அடுப்புக்கு இது தெரியப்பட்டது என்றொரு கருத்து பரவலாக நிலவுகின்றது. அது பொருந்தாது. நீர் இதனினும் மிக உயர்ந்த மீடிறன்களிலேயே அலையை மிகுதியாக உறிஞ்சும். 915 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் கைத்தொழில் அடுப்புகளும் உள்ளன. 2450 என்பது மனிதர் கூடி முடிவுசெய்த ஓர் எண்.

குழப்பம் மலிந்த இப்பட்டைகளைத் தொலைத்தொடர்புத் துறையினர் குப்பைப் பட்டைகள் எனக் கருதினர். பயிர் செய்ய உதவாதெனக் கைவிடப்பட்ட புறம்போக்கு நிலம் போன்று அவை கிடந்தன. பெறுமதியற்றவை என்பதாலேயே அவற்றை எவரும் உரிமை கோரவில்லை. பிற்காலத்தில் அவை பொதுமக்களின் கையில் வந்து சேர்வதற்கு இப்புறக்கணிப்பே காரணமாயிற்று எனலாம்.

1985ஆம் ஆண்டின் தீர்மானம்

கணினிகளைக் கம்பியின்றி இணைக்கும் முயற்சி இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்றம்சன் தலைமையில் உருவாகிய அலோஹா வலையமைப்பு 1971இல் இயங்கத் தொடங்கி, தீவுகளிற் சிதறியிருந்த வளாகங்களை வானொலி மூலம் இணைத்தது. பல கணினிகள் ஒரே மீடிறனைப் பகிரலாம், இரண்டு செய்திகள் மோதினால் சிறிது பொறுத்து மீள அனுப்பலாம் என்பது அதன் அடிப்படை. வைபையிலும் இக்கருத்தின் வழிவந்த முறையே கையாளப்படுகின்றது.

பகிர்வதற்கு வழி இருந்தது. பகிரத்தக்க நிலம் இருக்கவில்லை. அதனை வழங்கியது ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழுவாகும். அங்கு பணியாற்றிய மைக்கல் மார்க்கஸ் என்னும் பொறியியலாளர், அதுவரை பெரும்பாலும் படைத்துறைக்குரியதாயிருந்த ஒரு முறையைக் குடிமக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என வாதிட்டார். செய்தியை ஒரே மீடிறனிற் குவியாது பரந்த பரப்பில் மெலிதாகப் பரப்பி அனுப்புவது அம்முறை. அவ்வாறு அனுப்பினால் ஒருவர் மற்றவரைப் பெரிதும் குழப்பமாட்டார்; குழப்பம் நிறைந்த இடத்திலும் செய்தி தப்பிச் சென்றடையும். 1981இல் தொடங்கிய ஆராய்வு எதிர்ப்புகளுக்கு மத்தியில் நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1985 மே மாதத்தில் ஆணைக்குழு 902–928, 2400–2483.5, 5725–5850 மெகாஹேர்ட்ஸ் ஆகிய மூன்று பட்டைகளை இம்முறைக்குத் திறந்துவிட்டது. வலு ஒரு வாற்றுக்கு மேற்படலாகாது, பிறரைக் குழப்பலாகாது, பிறரால் விளையும் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்நிபந்தனைகளுக்கு உட்பட்ட கருவியைப் பயன்படுத்துவோர் தனித்தனியே அனுமதிப்பத்திரம் பெறவேண்டியதில்லை.

இத்தொடர்பில் நடிகை ஹெடி லமாரின் பெயர் அடிக்கடி எடுத்துரைக்கப்படுவதுண்டு. அவரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தைலும் மீடிறனை மாற்றி மாற்றித் தாவும் முறையொன்றுக்கு 1942இல் காப்புரிமை பெற்றமை உண்மை. அது கடற்படையின் நீர்மூழ்கிக் குண்டுகளுக்கென எண்ணப்பட்டது. ஆயின் வைபை அதிலிருந்தே பிறந்தது என்பது மிகைக்கூற்றாகும். ஒரு தனி மேதையின் கண்டுபிடிப்பினும் ஓர் அலுவலகத்தின் விதி மாற்றமே இங்கு முதன்மை பெறுகின்றது.

பொது நியமமும் நெருக்கடியும்

விதி மாறியதும் பல கம்பனிகள் தத்தமக்கேற்ற கருவிகளைச் செய்தன. ஒன்றன் கருவி மற்றொன்றனுடன் பேசாது. கடைகளின் பணப்பதிவுப் பொறிகளைக் கம்பியின்றி இணைக்க விரும்பிய என்.சி.ஆர். கம்பனி, ஒல்லாந்திலிருந்த தன் கிளையில் இதற்கான ஆய்வை நடத்திவந்தது. அக்கிளையைச் சேர்ந்த விக் ஹேய்ஸ், மின், இலத்திரனியல் பொறியியலாளர் நிறுவனத்தின் 802.11 என்னும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1990இல் அமைக்கப்பட்ட அக்குழு ஏழாண்டு விவாதத்தின் பின்னர் 1997இல் முதல் நியமத்தை வெளியிட்டது. அதன் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிற் மட்டுமே.

1999இல் ஒரே வேளையில் இரண்டு புதிய நியமங்கள் தோன்றின. 802.11பி என்பது 2.4 பட்டையில் 11 மெகாபிற் வேகத்தையும், 802.11ஏ என்பது 5 பட்டையில் 54 மெகாபிற் வேகத்தையும் தந்தன. வேகமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாயின் பின்னையதே வென்றிருக்க வேண்டும். வரலாறு மாறாக நடந்தது. 5 பட்டைக்குரிய சில்லுகளைச் செய்தல் கடினமாயும் செலவு மிக்கதாயும் இருந்தமையால் அக்கருவிகள் பிந்தியே சந்தைக்கு வந்தன. 802.11பியோ அதே 1999இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபுக் மடிக்கணினியில் இடம்பெற்றது. வைபை என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே சூட்டப்பட்டது. 2003இல் இன்ரெல் நிறுவனம் தன் சென்ட்றினோத் தொகுதியின் மூலம் மடிக்கணினிகளில் வைபையை ஒரு வழமையான உறுப்பாக்கியது. இவ்வாறு உலகின் வீடுகள் யாவும் முதலில் 2.4 பட்டையிலேயே குடியேறின.

அப்பட்டை அதற்கேற்ற அகலம் உடையதன்று. அதன் முழு அகலம் 83.5 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே. பல நாடுகளில் 13 அலைவரிசைகள் எண்ணிட்டுக் காட்டப்பட்டாலும், அவை ஐந்து ஐந்து மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் ஒன்றன்மேலொன்று கவிந்து கிடக்கின்றன. ஒன்றையொன்று தொடாத அலைவரிசைகளாக வழக்கில் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. தொடர்மாடியொன்றில் இருபது வீடுகள் இருப்பின் இருபதும் இம்மூன்றையே பங்கிட வேண்டும். புளூரூத் கருவிகளும் நுண்ணலை அடுப்புகளும் அங்கேயே உள்ளன. ஓர் ஒழுங்கையில் ஊரின் வண்டிகள் அனைத்தும் புகுந்தாற் போன்ற நிலை இது. அனுமதி தேவையற்றது என்பதால் பெருகியது, பெருகியதால் நெரிசலுற்றது.

றேடாரின் அயலில்

5 கிகாஹேர்ட்ஸ் பட்டையின் வரலாறு வேறுவகையானது. அது கைவிடப்பட்ட நிலமன்று. பெரும்பகுதியில் உரியவர் இருந்தனர். 1997இல் அமெரிக்க ஆணைக்குழு அதில் 300 மெகாஹேர்ட்ஸை அனுமதிப்பத்திரமற்ற பாவனைக்குத் திறந்தது. 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மகாநாடு 5150–5350, 5470–5725 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளை உலகளாவிய முறையில் இத்தகைய வலையமைப்புகளுக்கும் வழங்கியது. அவற்றின் பெரும்பகுதியில் வானிலை றேடார்களும் படைத்துறை றேடார்களும் முன்னரே இயங்கிவந்தமையால் ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. ரவுட்டர் அங்கு ஓர் அலைவரிசையைப் பயன்படுத்துமுன் றேடார் உண்டோ எனச் செவிமடுக்க வேண்டும். இயங்கும்போது றேடாரை உணர்ந்தால் விலகிச்செல்ல வேண்டும்.

இந்நிபந்தனை வெறும் ஏட்டளவினதன்று. 2009இல் புவேட்டோ றிக்கோவின் சான் குவான் விமான நிலையத்துக்குரிய வானிலை றேடார் இப்பட்டையில் இயங்கிய கருவிகளாற் குழப்பமுற்றமை கண்டறியப்பட்டது. விமானங்களுக்கு ஆபத்தான காற்று மாற்றங்களை அறியும் றேடார் அது. வீட்டு ரவுட்டர் சில வேளைகளில் 5 பட்டையில் தோன்ற ஒரு நிமிடமோ அதனினும் கூடுதலாகவோ தாமதிப்பதற்கும், திடீரென அலைவரிசை மாறுவதற்கும் இதுவே காரணம். பழுதெனத் தோன்றுவது உண்மையில் அயலவருக்குக் காட்டும் மரியாதையாகும்.

சுவர்களிற்பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வரும் எதிரொலிகளைச் சமாளித்தல் அக்காலத்தின் இன்னொரு பிரச்சினையாகும். இதற்கு அவுஸ்திரேலியாவின் அரசாங்க ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த ஜோன் ஓ’சலிவன் குழுவினர் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. வானொலி வானியலில் தொலைவிலிருந்து வரும் மெல்லிய சைகைகளைப் பிரித்தறியப் பெற்ற அனுபவம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அவர்களது முறைக்கு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 2009இன் 802.11என் நியமம் இரு பட்டைகளிலும் இயங்கியது. 2013இன் 802.11ஏசி நியமமோ 2.4 பட்டையை முற்றாக விட்டு 5 பட்டைக்கே உரியதாயிற்று.

வேகம் எங்கிருந்து வருகின்றது என்பதை இங்கு கவனித்தல் தகும். 20 மெகாஹேர்ட்ஸ் அகலமும் இரு அன்ரெனாக்களும் கொண்ட 802.11என் இணைப்பின் உச்ச வேகம் செக்கனுக்கு 144 மெகாபிற். 80 மெகாஹேர்ட்ஸ் அகலமும் அதே இரு அன்ரெனாக்களும் கொண்ட 802.11ஏசி இணைப்பின் உச்ச வேகம் 867 மெகாபிற். இவை பெட்டியில் அச்சிடப்படும் கணக்குகள். நடைமுறையில் கிடைப்பது இவற்றினும் நன்கு குறைவாகும். எனினும் விகிதம் உண்மையை உணர்த்துகின்றது. ஆறு மடங்கு உயர்வில் நான்கு மடங்கு நிலத்தின் அகலத்தால் வந்தது. எஞ்சியதே நுட்பத்தின் நுணுக்கத்தால் வந்தது.

ஆறாம் பட்டையும் பிணக்கும்

2020 ஏப்பிரலில் அமெரிக்க ஆணைக்குழு 5925 முதல் 7125 வரையான 1200 மெகாஹேர்ட்ஸை ஒருங்கே திறந்தது. 2.4 பட்டையைப்போல் பதினான்கு மடங்குக்கு மேற்பட்ட பரப்பு இது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் கீழ்ப்பகுதியில் 480 மெகாஹேர்ட்ஸை மட்டும் வழங்கியது. மேற்பகுதி எவருக்கு என்னும் வினா 2023இல் டுபாயில் நடந்த உலக வானொலி மகாநாட்டில் கடும் விவாதத்துக்குள்ளாயிற்று. கைத்தொலைபேசிக் கம்பனிகள் அதனைத் தமக்கென வேண்டின. கணினித்துறையினர் அது வைபைக்கு வேண்டும் என்றனர். ஐரோப்பாவையும் ஆபிரிக்காவையும் உள்ளடக்கிய வலயத்துக்கு 6425–7125 பகுதி கைத்தொலைபேசிச் சேவைகளுக்கென அடையாளம் காணப்பட்டது. வைபை அங்கு பயன்படுவதையும் தீர்மானம் ஏற்றுக்கொண்டது. இறுதி முடிவு அவ்வந்நாட்டினதாயிற்று.

1985இல் எவரும் கேளாத நிலம் வழங்கப்பட்டது. இன்றோ ஒவ்வொரு மெகாஹேர்ட்ஸும் ஏலத்திற் பெருந்தொகை பெறவல்லது. அரசாங்கம் ஏலத்தில் விற்கக்கூடிய ஒன்றை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என விட்டுவிடுதல் முன்னரினும் கடினமாகிவிட்டது. எதிர்கால வீடுகளில் கணினி எவ்வளவு விரைவாக இயங்கும் என்பது இவ்விடத்திலேயே முடிவாகும்.

வீட்டில் தெரிவு

மேற்கூறியவற்றின் ஒளியில் வீட்டுத் தெரிவை நோக்கலாம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். 5 கிகாஹேர்ட்ஸ் அலையினது அதன் பாதியளவு. மீடிறன் உயர உயரச் செங்கற் சுவரும் கொங்கிறீற்றும் அலையைக் கூடுதலாகத் தடுக்கும். ஆதலால் ரவுட்டர் உள்ள அறையிலோ ஒரு சுவருக்கு அப்பாலோ பணிபுரியும் மடிக்கணினிக்கு 5 பட்டையே பொருத்தமானது. ஒரே அறையில் இருப்பின், கருவிகள் இடங்கொடுக்குமாயின், 6 பட்டை அதனினும் சிறந்தது. பல சுவர்களுக்கு அப்பாலோ முற்றத்திலோ இருப்போருக்கு 2.4 பட்டை மெதுவாயினும் அறுபடாத இணைப்பைத் தரும். அங்கு 5 பட்டையைப் பிடித்துத் தொங்கினால் வேகம் குறைவதுடன் இணைப்பும் அறுந்தறுந்து வரும்.

2.4இல் இருக்க நேர்ந்தால் அலைவரிசை அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸாக வைத்து, 1, 6, 11 ஆகியவற்றுள் அயலில் நெரிசல் குறைந்ததைத் தெரிதல் நன்று. இடையிலுள்ள 3ஐயோ 8ஐயோ தெரிபவர் இருபுறத்து அயலவரையும் குழப்பித் தாமும் குழப்பமுறுவார். இரு பட்டைகளுக்கும் ஒரே பெயர் இருப்பின் எதில் இணைவது என்பதைக் கணினியே தீர்மானிக்கும். அது தவறாகத் தீர்மானிப்பதாகத் தோன்றினால் பெயர்களை வேறாக்கலாம். பழைய மடிக்கணினிகளிற் சில 5 பட்டையை அறியமாட்டா என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு செக்கனுக்கு 20 மெகாபிற் மட்டுமே தருமாயின், எந்தப் பட்டையும் இணையத்தளத்தை அதற்குமேல் விரைவாகத் திறக்கச் செய்யாது. ரவுட்டரை அலுமாரியின் பின்னே மறைக்காது வீட்டின் நடுவில் உயரமாக வைத்தலும், மேசையை விட்டு அசையாத கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் கம்பி இடுதலும் பல வேளைகளில் பட்டை மாற்றத்தினும் கூடிய பயன் தரும். கம்பியிற் செல்லும் செய்தி எவருடைய அலையையும் எடுத்துக்கொள்வதில்லை.

முடிவுரை

வைபையின் வரலாற்றைத் தொழில்நுட்பத்தின் தொடர்ச்சியான வெற்றியாகக் காட்டுவோர் உளர். நியமங்கள் ஒன்றையொன்று வென்று வந்தன என்பது உண்மையெனினும், ஒவ்வொரு பாய்ச்சலின் முன்னும் நிலம் வழங்கிய ஒரு தீர்மானம் நிற்பதைக் காணலாம். 1947 ஒதுக்கியது, 1985 திறந்தது, 2003 அயலவருடன் இணங்கி வாழ வழிசெய்தது, 2020 விரித்தது, 2023 பங்குப் பிணக்கை வெளிக்கொணர்ந்தது. எவரிடமும் அனுமதி கேளாது ஒரு மாணவன் தன் அறையில் அலையை அனுப்பவும் பெறவும் இயல்வது இயற்கையாக அமைந்த ஒன்றன்று. வழங்கப்பட்ட உரிமை அது. ஆதலால் சுருக்கப்படவும் கூடியது.

பொது நிலத்துக்கு அதனைப் பயன்படுத்துவோரிடமும் ஒரு கடப்பாடு உண்டு. ரவுட்டருக்கு அருகில் இருப்பவர் 5க்கோ 6க்கோ மாறும்போது தம் வேகத்தைப் பெருக்குவதோடு, வேறு வழியின்றி 2.4இல் தங்கியிருக்கும் அடுத்த வீட்டாருக்கும் சிறிது இடம் விடுகின்றார். சுவருக்கு அப்பால் பழைய கணினியுடன் பரீட்சைக்குப் படிக்கும் ஒருவருக்கு அவ்விடம் பயன்படும்.